தொடச்சு வெச்ச வண்டி

தார்ப்பாயை இழுத்ததும் வண்டி பளபளன்னு நின்னுச்சு. குருவிக்கு அப்பவே மனசுல ஏதோ இடிச்சுது.

பின்ன என்ன? வருஷக்கணக்கா ஓட்டாம நிக்கிற வண்டி எப்படி இருக்கணும்? தூசி படிஞ்சு, சிலந்தி வலை கட்டி, பாக்கவே பாவமா இருக்கணும். இதுவோ கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி மினுக்கிக்கிட்டு நிக்குது. நீலக் கலரு. முன்னாடி விளக்குக் கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது. ஆனா டயரு ரெண்டும் தரையோட தரையா சப்பிப் போயிருந்துச்சு. மேல ராணி, கீழ பிச்சைக்காரி.

குருவின்றது அவ நிஜப் பேரு இல்ல. சின்ன வயசுல தட்டுல இருக்கறதைக் கொத்திக் கொத்தித் தின்பான்னு அவ அண்ணன் வெச்ச பேரு. அதுவே ஒட்டிக்கிச்சு. தையல் ஃபேக்டரியில அவளை நிரந்தரமா எடுத்தப்போ, யாருகிட்டயும் கையேந்தாம அவளே வாங்கின வண்டி இது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆசை தீர ஓட்டல. ஃபேக்டரியை மூடிட்டான். வேற வழியில்லாம கடல் தாண்டிப் போயி, யாரோ ஒருத்தர் வீட்டுல நடக்க முடியாத ஒரு பெரியவரைத் தூக்கறதும் கழுவறதும் ஊட்டறதுமா காலத்தைத் தள்ளினா. அவர் போய்ச் சேர்ந்தாரு. இவ வீடு வந்து சேர்ந்தா.

வந்த கையோட வேலையும் கிடைச்சுது. பெரிய ஆஸ்பத்திரியில துணி வெளுக்கற இடம். வர்ற திங்கக்கிழமை சேரணும். ஒரே ஒரு சிக்கல், முதல் பஸ்ஸு கிளம்பறதுக்கு முன்னாடியே ஷிஃப்ட் ஆரம்பிச்சிடும். அங்க மேற்பார்வை பாக்குற அம்மா முகத்துக்கு நேரா கேட்டாங்க.

"எதுல வருவ?"

"வண்டி இருக்கு மேடம். சொந்த வண்டி."

"இருந்தா சரி. முதல் நாளே லேட்டா வந்தேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன். வெளிய பாத்தேல்ல எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு?"

பாத்தா. அதனாலதான் இன்னிக்கு சனிக்கிழமை, மழை விட்டதும் விடாததுமா, சமையக்கட்டு சுவரை ஒட்டின தகரக் கொட்டகைக்குள்ள வந்து தார்ப்பாயை இழுத்தா.

சீட்டுல கையை வெச்சா. பிசுபிசுன்னு ஒட்டுச்சு. மோந்து பாத்தா. சமையல் எண்ணெய்!

"அம்மா! இதுல என்னத்தம்மா தடவி வெச்சிருக்கீங்க?"

அம்மா சமையக்கட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. கையில வெங்காயம். "உங்க அண்ணிதான் வாரா வாரம் எண்ணெய் போட்டுத் தொடச்சா. மினுமினுப்பா இருக்கும்ல?"

"வண்டியா, அப்பளமா? எண்ணெயில போட்டு எடுக்க?"

"எதுக்கும்மா இப்ப அதைப் போயி நோண்டிக்கிட்டு... அண்ணன் வரட்டுமே."

அண்ணன் ரொட்டி போடப் போயிருந்தான். பேக்கரியில விடியக்காலைல தட்டுத் தட்டா ரொட்டி ஏத்திக்கிட்டு, கடை கடையா இறக்கிட்டு, ரெண்டாவது நடையும் முடிச்சுட்டு மத்தியானம்தான் வீட்டுக்கு வருவான். அவன் வண்டியும் இதே ஜாதிதான். இவ போன மறுவருஷம் பழசா வாங்கினது. இதோட அக்கா தங்கச்சி மாதிரி, கலரு மட்டும் சாம்பல்.

குருவி கிக்கரை மிதிச்சா. கால் சர்ருன்னு கீழ போச்சு. ஒரு முக்கல் இல்ல, முனகல் இல்ல. காத்தை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவை மிதிச்சா. அதே.

ஹார்னை அமுக்கினா. பேச்சு மூச்சு இல்ல.

இதுதான் அவளுக்குப் புரியல. ஏன்னா அந்த ஹார்ன் அவளுக்குப் பாட்டு மாதிரி. ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோ கால்ல அண்ணன் ஃபோனைத் தூக்கிக்கிட்டு கொட்டகைக்கு வருவான். "இந்தா பாரு உன் சொத்து" ன்னு காட்டுவான். "ஹார்ன் அடிண்ணா" ன்னு இவ கேப்பா. பாம் பாம்! "ஸ்டார்ட் பண்ணுண்ணா" ன்னு கேப்பா. "இரு இரு" ன்னுட்டு ஃபோனை விளக்குப் பக்கம் திருப்பி வெப்பான். கொஞ்ச நேரத்துல டுர்ருன்னு சத்தம் வரும். அங்க, அந்த மாடி ரூம்ல, பெரியவருக்கு மாத்தற துணியெல்லாம் மடியில மடிச்சு வெச்சுக்கிட்டு, இவ கண்ணை மூடிக்கிட்டு அந்தச் சத்தத்தைக் கேப்பா. கேட்டுட்டு ஒரு வாரம் ஓட்டுவா.

சீட்டைத் தூக்கினா.

பேட்டரி இருக்கற இடத்துல பேட்டரி இல்ல. அதுக்குப் பதிலா ரெண்டு நீள ஒயர், முனையில டேப் சுத்தி, பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்துச்சு. பக்கத்து மூடியைத் திருகிக் கழட்டினா. பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ள போற கார்பரேட்டர் இருக்கணும்ல? ஒண்ணுமில்ல. எஞ்சினுக்குப் போற குழாய் வாயில ஒரு துணியை உருட்டி அடைச்சிருந்துச்சு. பூப்போட்ட துணி. முன் ரூம் பழைய திரைச்சீலை. இன்னொரு துண்டு, ப்ளக் இருக்க வேண்டிய ஓட்டையில.

குருவி அப்படியே குத்துக்கால் போட்டு உக்காந்துட்டா.

வண்டி இல்லய்யா அது. வண்டியோட சட்டை.

"அம்மா, இங்க வாங்க."

"அடுப்புல..."

"அடுப்பை அணைச்சுட்டு வாங்கம்மா!"

அம்மா வந்தாங்க. திறந்து கிடந்த வண்டியைப் பாத்தாங்க. வெங்காயம் நறுக்கின கண்ணு, அழுகையா எரிச்சலான்னு கண்டுபிடிக்க முடியாது. முந்தானையால தொடச்சுக்கிட்டாங்க. "அண்ணன் வரட்டும்" ன்னு மட்டும் மறுபடி சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. வீட்டுல எல்லாருக்கும் தெரியும்ன்றது அந்த ஒரு வார்த்தையிலயே தெரிஞ்சு போச்சு.

அண்ணன் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆளா அவ? தெருமுனை மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டா. அவரைத் தெருவே டாக்டர்னுதான் கூப்பிடும். எந்த வண்டியைக் காட்டினாலும் "நாடி விழுந்துருச்சு", "ஆபரேஷன்தான்" ன்னு பேசுவாரு. தொப்பையைத் தூக்கிக்கிட்டு, பையை ஆட்டிக்கிட்டு வந்தாரு.

"அடேடே, குருவியா! எப்பம்மா வந்த? வெளுத்துட்டியே! யாரு பேஷண்ட்டு?" ன்னு சிரிச்சுக்கிட்டே கொட்டகைக்குள்ள தலையை விட்டவரு, நீல வண்டியைப் பாத்ததும் சிரிப்பை முழுங்கிட்டாரு.

"பாருங்க டாக்டர்."

"ம்... ரொம்ப நாள் நின்ன வண்டி. இதெல்லாம் எதுக்கும்மா இனிமே? இரும்புக் கடையில போட்டுட்டு..."

"உள்ள பாருங்கன்னு சொன்னேன்."

குனிஞ்சு பாத்த மாதிரி பாத்தாரு. "அச்சச்சோ! பார்ட்ஸைக் காணோமே!"

"காணோமா? காணாமப் போன பொருளுக்குத் திருடன் இப்படி வாயை அடைச்சுட்டுப் போவானா? தூசி உள்ள போகக்கூடாதுன்னு துணி சுருட்டி வெச்சிருக்கான் பாருங்க. எவ்வளவு நல்ல திருடன். அந்த ஒயர் முனையில டேப்பு. அது என்ன கலரு?"

"பச்சை."

"உங்க பையில இருக்கறது?"

டாக்டர் பையை மெதுவா முதுகுக்குப் பின்னாடி கொண்டு போனாரு. ஊர்ல எல்லாரும் கருப்பு டேப் சுத்துவாங்க, இவரு மட்டும்தான் பச்சை. தன் கைராசி அதுலதான் இருக்குன்னு ஒரு நினைப்பு.

"யாரு கழட்டினது டாக்டர்?"

"நோயாளி விஷயத்தை வெளிய சொல்லக்கூடாதும்மா. தொழில் தர்மம்."

"நோயாளியே நான்தான். சொல்லுங்க."

தலையைச் சொறிஞ்சாரு. "உங்க அண்ணன் கேட்டான். ஒரே மாடல். அங்க கார்பரேட்டர் போச்சு, இங்க சும்மா இருக்கு. தங்கச்சிக்குத் தெரியும்னான். சரி, வீட்டுக்குள்ள நடக்கற விஷயம்னு நானும்... முதல்ல அது ஒண்ணுதான்மா. அப்புறம் பேட்டரி. அப்புறம் பொறி குடுக்கற காயிலு. ப்ளக்கு கடைசியில. ஒரு தடவை பழகிட்டா கை நிக்குமா?"

"பதமா, பாகம் பாகமா கழட்டிட்டீங்க."

"கோவப்படாத."

"கோவமே படல டாக்டர். கோவப்பட்டா இப்ப இந்த ஸ்பேனர் என் கையில சும்மா இருக்குமா?"

அப்போதான் தெருவுல அந்தச் சத்தம் வந்துச்சு. டுர்ர்ர். குருவி தலையைத் தூக்கினா. கடல் தாண்டி அவ கண்ணை மூடிக் கேட்டாளே, அதே சத்தம். நடுவுல ஒரு விக்கல் விக்கி, அப்புறம் சீராப் போகும். அதே விக்கல். அண்ணனோட சாம்பல் வண்டியிலேர்ந்து வருது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் இந்த விளக்கைக் காட்டியிருக்கான். ஹார்னுக்கு மட்டும் அவன் பேட்டரியிலேர்ந்து அந்த நீள ஒயரை இழுத்து மாட்டியிருக்கான். எவ்வளவு மெனக்கெட்டு இருக்கான் பாருங்க! அந்த மெனக்கெடல்ல பாதி இருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

அண்ணன் காலி ரொட்டித் தட்டுகளோட உள்ள வந்தான். டாக்டரைப் பாத்தான், திறந்து கிடக்குற வண்டியைப் பாத்தான், தங்கச்சி கையில ஸ்பேனரைப் பாத்தான். பின்னாடியே அண்ணி வந்து கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"சாப்டியா குருவி?"

"அதைப் பத்தி அப்புறம் பேசலாம். ஹார்ன் அடிண்ணா."

"என்ன?"

"இந்தா பாரு என் சொத்து. ஹார்ன் அடி. ஸ்டார்ட் பண்ணு. ஃபோன்ல பண்ணுவியே, நேர்ல பண்ண மாட்டியா?"

அண்ணன் தட்டுகளைக் கீழ வெச்சான். "இரு, சொல்றேன்..."

"எத்தனை ஞாயித்துக்கிழமைண்ணா? நானும் லூசு மாதிரி அங்க உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தேனே! பக்கத்து ரூம்ல வேலை செய்யற அக்காவை எல்லாம் கூப்பிட்டு, என் வண்டி சத்தம் கேளுங்கக்கான்னு... அய்யோ! காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவில்லையா?"

"பேட்டரி எல்லாம் நின்னா செத்துரும் குருவி. சும்மா கிடந்து சாகறதுக்கு..."

"செத்தா சாகட்டும். என்கிட்ட சொல்லிட்டுச் சாகட்டும்."

"நான் என்ன குடிச்சு அழிச்சேனா? ரொட்டி போடற வண்டி நின்னா அன்னிக்கு அடுப்பு எரியாது. அம்மாவுக்கு முட்டி வீங்கினப்ப எதுல கூட்டிட்டுப் போனேன்? அந்த வண்டியிலதானே? அதுல ஓடினது உன் கார்பரேட்டர்தான்."

"அதைத்தான்ணா கேக்கறேன்! அம்மாவுக்குன்னு கேட்டிருந்தா நான் குடுக்க மாட்டேனா? வண்டியையே எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன். ஒரு ஃபோன். வாரா வாரம் பேசறோம்ல? மழை பெய்யுதா, பூனை குட்டி போட்டுச்சான்னு எல்லாம் பேசறோம். இதைச் சொல்ல வாய் வரலையா?"

"நீ திரும்பி வருவேன்னு யாரு நினைச்சது!"

சொல்லிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைச்சது. டாக்டர் தரையில எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு.

"ஓஹோ" ன்னா குருவி.

"நான் தப்பா சொல்லல. போனவங்க எல்லாம் அங்கேயே தங்கிடுறாங்கல்ல. நீயும் நல்லா..."

"நான் செத்துட்டேன்னு பாகம் பிரிச்சுட்டீங்க. அதானே? காரியம் மட்டும்தான் பண்ணல. அதுக்குப் பதிலா வாரா வாரம் எண்ணெய் பூசிக் கும்பிட்டீங்க."

"வாயைக் கழுவு!" ன்னு அம்மா உள்ளேர்ந்து கத்திக்கிட்டே வந்தாங்க. "என்ன பேச்சுடி இது? அவனை மட்டும் திட்டாத. நான்தான் சொன்னேன். வண்டியைக் காட்டுடான்னு நான்தான் சொன்னேன்."

"நீங்களா?"

"போன புதுசுல ஃபோன்ல வந்தாலே அழுவ. சோறு இறங்கலம்ப, தூக்கம் வரலம்ப. நான் இங்க உக்காந்து என்ன பண்ணுவேன்? வண்டியைக் காட்டினா மட்டும் உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும். அப்புறம் இவன் கார்பரேட்டரைக் கழட்டிட்டான். நான் என்ன சொல்றது? பிள்ளை சிரிக்கற ஒரே விஷயமும் போச்சுன்னு சொல்லவா? அதான் சத்தத்தையாவது காட்டுன்னு... ஏதோ, பெத்தவ புத்தி."

குருவிக்கு வார்த்தை முன்னைவிட சூடா வந்துச்சு.

"நான் சிரிக்கணும்னு பொய் சொன்னீங்க. சரி. திங்கக்கிழமை வேலைக்கு எதுல போறது? உங்க சத்தத்து மேல ஏறிப் போறதா?"

ஸ்பேனரால தரையைத் தட்டினா.

"அந்தம்மாகிட்ட சொந்த வண்டி இருக்குன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டு வந்திருக்கேன். லேட்டானா வேலை போச்சு. வேலை போனா மறுபடி ஏஜென்ட்டு, மறுபடி ஃப்ளைட்டு. இன்னொரு பெரியவரு. அதுக்குத்தான் எல்லாரும் தயாரா இருக்கீங்களோ என்னமோ, எனக்குத் தெரியாது. நான் போக மாட்டேன்."

ஸ்பேனரோட எழுந்து வாசலுக்குப் போனா. சாம்பல் வண்டி சூடு ஆறாம நின்னுச்சு. சீட்டைத் தூக்கினா.

"ஏய், என்ன பண்ற?"

"என் சாமானை எடுத்துக்கறேன்."

"நாளன்னிக்கு ரொட்டி எப்படிப் போடறது நானு?"

"ஹார்ன் அடிச்சுப் போடு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்து இருமலா மாத்திக்கிட்டாரு.

அண்ணன் குறுக்க வந்தான். வந்தவனை அண்ணி ஒரு பார்வை பாத்தாங்க. "விடுங்க. அவ பொருளு" ன்னாங்க. அவங்க வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வரும்னு குருவியே எதிர்பாக்கல. அதே மூச்சுல, "நான் இத்தனை வருஷம் தொடச்சதுக்குத்தான் ஒரு நல்ல வார்த்தை இல்ல. அப்பளமாம்!" ன்னும் சேத்துக்கிட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் அந்த வீட்டுல வேற வேலை நடக்கல. பேக்கரிக்கு லீவு. மழை விட்டு விட்டுப் பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

கார்பரேட்டரு, காயிலு, பேட்டரி, ப்ளக்கு எல்லாம் நல்லா உழைச்சுப் பழகியிருந்ததால அதுல சிக்கல் இல்ல. சிக்கல் எல்லாம் தொடச்சு வெச்ச வண்டியிலதான். கடல் தாண்டிப் போகும்போது துரு பிடிக்கக்கூடாதுன்னு குருவியே டேங்க்கு நிறைய பெட்ரோல் போட்டுட்டுப் போயிருந்தா. பாதியை அண்ணன் உறிஞ்சிட்டான். மிச்சம் இருந்தது கெட்டுப்போயி, பெயிண்ட்டு நாத்தம் அடிச்சுக்கிட்டு, டீத்தண்ணி கலர்ல குழாய் வழியா வடிஞ்சுது. டேங்க்கைக் கழட்டி, உள்ள கொஞ்சம் சின்னக் கல்லையும் புது பெட்ரோலையும் போட்டு, குழந்தையை ஆட்டற மாதிரி ஆட்டோ ஆட்டுன்னு ஆட்டினா. துரு துருவா வந்து விழுந்துச்சு. நாலு தடவைக்கு மேல அலசின பிறகுதான் தெளிவா வந்துச்சு.

காத்து போற டப்பாவைத் திறந்தா எலிக்கூடு. பஞ்சு, பேப்பரு, அண்ணியோட காணாமப் போன ரிப்பன். "எண்ணெய் வாசனைக்கு வந்திருக்கு பாருங்கண்ணி. நீங்க தொடச்சது வண்டிய இல்ல, எலிக்கு விருந்து வெச்சிருக்கீங்க." அண்ணி சோப்புத் தண்ணியை வாளியில கலக்கிக்கிட்டு வந்து, சீட்டுலேர்ந்து மட்கார்டு வரைக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தேச்சுக் கழுவ ஆரம்பிச்சாங்க. கை வளையல் சத்தத்துலயே கோவம் தெரிஞ்சுது.

டாக்டரு ப்ளக் ஓட்டையில ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கையால மெல்ல மெல்ல எஞ்சினைச் சுத்தினாரு. முதல்ல ஒரு கரகரப்பு. அப்புறம் வழுக்கிக்கிட்டுச் சுத்துச்சு. "உயிரு இருக்கு" ன்னாரு. "நீங்க சும்மா இருங்க" ன்னா குருவி. பிரேக் கேபிள் இறுகிப் போயிருந்துச்சு, எண்ணெய் விட்டு இழுத்து இழுத்து வழிக்குக் கொண்டு வந்தாங்க. பின் டயரு காத்து புடிச்சுது. முன் டயரு வெடிப்பு விட்டிருந்துச்சு. குருவி திரும்பி சாம்பல் வண்டியைப் பாத்தா.

"அதையுமா?" ன்னான் அண்ணன்.

"ஒரு தடவை பழகிட்டா கை நிக்குமா?" ன்னு டாக்டரைப் பாத்துக்கிட்டே சொன்னா.

அண்ணன் அவனே உக்காந்து தன் வண்டி முன் சக்கரத்தைக் கழட்டினான். அவன் முகமும் அந்த வண்டியும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. ஆனா கழட்டின சக்கரத்தை அவளுக்கு உருட்டி விடாம, அவனே கொண்டு வந்து நீல வண்டியில மாட்டினான். நட்டை இறுக்கும்போது, அவ பக்கம் திரும்பாம சொன்னான்.

"சொல்லணும்னு நினைச்சேன் குருவி. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லலாம்னு... வெக்கமா இருந்துச்சு."

"வெக்கம் மட்டும் உன் சொந்தப் பார்ட்ஸ் போல. அதை வெச்சே ஓட்டிட்ட."

ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் மாட்டியாச்சு. குருவி கிக்கரை மிதிச்சா. இப்போ காலை எதிர்த்துத் தள்ளுச்சு. அந்த எதிர்ப்பே அவளுக்கு இனிச்சுது. மிதிச்சா. மிதிச்சா. ஸ்டார்ட் ஆகல. அண்ணன் மிதிச்சான், டாக்டரு மிதிச்சாரு. ஒரு விக்கல்கூட இல்ல. ப்ளக்கைக் கழட்டிப் பாத்தா பொறியே வரல. டாக்டரு கார்பரேட்டரை மறுபடி பிரிக்கணும்னாரு. பெட்ரோலு சரியில்லைன்னாரு. காயிலு போச்சோன்னாரு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லச் சொல்ல வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. குருவி படியில உக்காந்துட்டா. நாளைக்குக் காலைல அந்த கேட்டுக்கு வெளிய நிக்கிற கூட்டத்துல தானும் ஒருத்தியா நிக்கறது கண்ணு முன்னாடி வந்துச்சு.

"இங்க பாரு" ன்னாங்க அண்ணி.

யாரும் கண்டுக்கல.

"இங்க பாருன்னு சொல்றேன்ல! விளக்குக்குக் கீழ இந்த ஒயரு முழுக்கக் கருப்பாத்தான் இருக்கும். இங்க மட்டும் மஞ்சளாத் தெரியுது."

டாக்டரு, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" ன்னாரு.

"வாரா வாரம் இதைத் தொடச்சவ நானு. எங்க கருப்பு, எங்க மஞ்சள்னு எனக்குத் தெரியாதா?"

குருவி ஓடிவந்து குனிஞ்சு பாத்தா. எலி கடிச்சு ஒயரோட தோலு போயி, உள்ள செம்புக் கம்பி பளிச்சுன்னு இரும்புல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பின்ன எங்கேர்ந்து பொறி வரும்? டாக்டரு வாயை மூடிக்கிட்டு பையிலேர்ந்து பச்சை டேப்பை எடுத்தாரு.

"கருப்பு இல்லையா?" ன்னு கேட்டா குருவி.

"இல்லம்மா."

"சரி, சுத்துங்க."

மறுபடி மிதிச்சா. இருமுச்சு. இன்னொரு மிதி. டுர்ர்ருன்னு புடிச்சுக்கிச்சு! நடுவுல அந்த விக்கல். அப்புறம் சீரா. பின்னாடி குழாயிலேர்ந்து வெள்ளைப் புகை மேகம் மாதிரி கிளம்பி ஜன்னல் வழியா சமையக்கட்டுக்குள்ள போயி, அம்மா இருமிக்கிட்டே வெளிய ஓடி வந்தாங்க. இருமறாங்களா சிரிக்கறாங்களா அழறாங்களான்னு இப்பவும் தெரியல. அவங்களைப் பாத்து குருவி சிரிக்கல. வேணும்னேதான் சிரிக்கல. திரும்பி நின்னு அண்ணிகிட்ட மட்டும், "நல்லாத் தொடச்சிருக்கீங்கண்ணி" ன்னா. அண்ணி வாளியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. உதட்டோரம் மட்டும் லேசா இழுத்துக்கிச்சு.

திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தலை சீவி, ஒரு டீயைக் குடிச்சுட்டு வெளிய வந்தா அண்ணன் நிக்கறான். காலி தட்டுகளைக் கையில வெச்சுக்கிட்டு, முன் சக்கரம் இல்லாம செங்கல் மேல முட்டி போட்டு நிக்கிற சாம்பல் வண்டிக்குப் பக்கத்துல. ஒண்ணும் கேக்கல. கேக்காம நிக்கறதுதான் அவனுக்குப் பழக்கமாச்சே.

குருவி வண்டியைத் தள்ளிக்கிட்டு வாசல் வரைக்கும் போனா. நின்னா.

"வாயைத் திறந்து கேளு."

"என்ன?"

"கேக்கணும்னா கேளு. கேக்காம எடுத்தது போதும்."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "என்னைப் பேக்கரியில விட்டுட்டு, கடை ரெண்டு மூணுல இறக்கிட்டுப் போறியா? எல்லாம் ஆஸ்பத்திரி போற வழிதான். அதுக்கு மேல நான் நடந்து பாத்துக்கறேன். எனக்கு பார்ட்ஸ் கிடைக்கற வரைக்கும்."

"ஏறு."

"சாவியைக் குடு. நான் ஓட்டறேன். நீ தட்டைப் புடிச்சுக்கோ."

குருவி அவனைத் திரும்பிப் பாத்தா. அவ்வளவுதான். அண்ணன் தட்டுகளை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பின்னாடி ஏறி உக்காந்தான். 'பொம்பளைங்க வண்டி ஓட்டினா ரோடு தாங்காது' ன்னு தெருவெல்லாம் சொல்லித் திரிஞ்ச ஆளு.

பேக்கரியில ரொட்டி ஏத்திக்கிட்டு கிளம்பினாங்க. சூடான ரொட்டி வாசனை. ஈர ரோடு. முனை டீக்கடையில அந்நேரத்துக்கே ஆளுங்க. "என்னப்பா, டிரைவரை மாத்திட்டியா?" ன்னு ஒருத்தன் கத்தினான். "பாத்து, ரொட்டியோட நீயும் விழுந்துடாத!" ன்னு இன்னொருத்தன். அண்ணன் தட்டுக்குப் பின்னாடி முகத்தை வெச்சுக்கிட்டான்.

மார்க்கெட் திருப்பத்துல காய்கறி வண்டிங்க வழியை அடைச்சுக்கிட்டு நின்னுது. மூட்டை இறக்கறவங்க இவங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. வானம் வெளுத்துக்கிட்டு வருது.

"ஹார்ன் அடி குருவி" ன்னான் அண்ணன். "லேட்டாயிடப் போகுது."

அவ கட்டைவிரலு ஹார்ன் பக்கத்துல போச்சு. அப்படியே திரும்பி வந்துச்சு.

"வேணாம்."

"ஏன்? வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது. ஆனா அதை நான் போதும் போதும்னு கேட்டுட்டேன். நீ கத்து."

"என்னது?"

"இத்தனை வருஷம் என் வண்டிக்குச் சத்தம் குடுத்தது நீதானே? குடு."

அண்ணன் ரெண்டு பக்கமும் பாத்தான். தெரிஞ்ச முகம், எல்லாம் தெரிஞ்ச முகம். குருவி வண்டியை உறும விட்டுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தா. அவன் தட்டு மேலேர்ந்து முகத்தை எடுத்தான். கழுத்தை நீட்டினான்.

"வழி விடுங்க! வழி விடுங்கப்பா!"

"கேக்கல."

"என் தங்கச்சி வேலைக்குப் போறா! வழி விடுங்கய்யா!"

மூட்டைக்காரங்க திரும்பிப் பாத்தாங்க. சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே வண்டியை ஓரம் கட்டினாங்க. குருவி கியர் இல்லாத அந்த வண்டியை ஒரு முறுக்கு முறுக்கினா.

வழியில கடைகள்ல ரொட்டியை இறக்கிட்டுப் போயும், ஷிஃப்டுக்கு முன்னாடியே சேந்தாச்சு. ஆஸ்பத்திரி கேட்டு திறந்துதான் இருந்துச்சு. அது வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்துலயும் அவன் கத்திக்கிட்டேதான் வந்தான்.